இடது பக்கம் இறுகும் வளையம்

மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் புதுச் சைக்கிள் சக்கரம்.

“பிரேக்கே இல்லாத சைக்கிள்ல என் பொண்ண ஏத்தறீங்க,” என்றார் அந்த அம்மா.

“ரேஸ் சைக்கிள் அப்படித்தான் ரத்னா. பெடலைப் பின்னால அழுத்தினா சக்கரம் நிக்கும். அப்போ பல்சக்கரம் கழண்டுடாம இந்த வளையம் பிடிச்சுக்கும்.”

“வளையம் எந்தப் பக்கம் இறுகணும்னு கோச்சு சொன்னாரு?”

“இடது பக்கம். வலது பக்கம் இறுகறதுன்னா, பின்னால அழுத்தறப்போ பல்சக்கரத்தோட சேர்ந்து அதுவும் கழண்டுடுமாம்.”

“கடைக்காரன் திருகிக் காட்டினானா?”

“ஒரிஜினல்னு சொன்னான். அவன் ஏன் பொய் சொல்லப்போறான்?”

“நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னான். இப்படிக் கொடுங்க.”

வளையத்தைக் கடையில் லேசாகத்தான் மாட்டியிருந்தார்கள். அந்த அம்மா விரலால் இடது பக்கம் திருகினார். அது கழன்று கையோடு வந்தது. திரும்ப வைத்து வலது பக்கம் திருகினார், இறுகியது.

கணவர் தானும் திருகிப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை ரேஸ்,” என்றார் மெதுவாக.

“இன்னிக்கு வெள்ளிதானே? எந்திரிங்க.”

நரசிபுரத்தில் இருவரும் இறங்கி, மைசூர் பஸ் நிற்கும் எதிர்ப்பக்கத்துக்குப் போனார்கள். சக்கரத்தை இப்போது அந்த அம்மாதான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.