நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தை மாற்றிப் படித்தது பற்றி

மாரிக்கண்ணன் மனுவில் சொல்வது பொய். அவருடைய பெண்டாட்டியிடம் குடும்பம் நடத்தாதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் படித்தது அசிங்கக் கதையும் இல்லை. அது அசிங்கம் என்றால் அந்தக் கதையைச் செல்போனில் படிக்கிற அத்தனை பெண்களையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கும், அதற்கு இங்கே பெஞ்சு போதாது. தலைமைக் காவலர் ஷாஹின் பானு அவர்கள், "தாத்தா, சண்டையப் பொறவு போடலாம், மொதல்ல பேரு வயசு எழுதுங்க" என்று சொன்னதால் அதை எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகையா. தகப்பனார் பெயர் சுடலைமுத்து, இறந்துவிட்டார். வயது எழுபத்தொன்று. ஆதார் அட்டையில் அறுபத்தெட்டு என்று இருக்கிறது, எது தோதோ அதைப் போட்டுக்கொள்ளலாம். சங்கரன்கோவில் திருவேங்கடம் ரோட்டுக்குத் தெற்கே உள்ள சந்தில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். விசைத்தறியில் வேலை பார்த்தேன், இப்போது கால் நிற்காததால் சும்மா இருக்கிறேன். எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதித்தான் பழக்கம். அதனால் தலைமைக் காவலர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் சந்தில் ரைஹானா என்பவர் வீடு இருக்கிறது. அவர் வீட்டு முன்னறையில் ஃபேன் இருப்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பீடித் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். இரண்டு வருடமாக நான் அங்கே போய் ரைஹானாவின் செல்போனில் வருகிற தொடர்கதையை அவர்களுக்குப் படித்துச் சொல்லி வந்தேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. ரைஹானா பத்தாவது, மாரிக்கண்ணன் பெண்டாட்டி இசக்கிசெல்வி பன்னிரண்டாவது. கையில் பீடித்தூளோடு போனைத் தொட்டால் திரை நகராது, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் பீடி நகராது. அதற்காகத்தான் நான்.

கதை செவ்வாயும் வெள்ளியும் வரும். கதாநாயகன் பெயர் தீரஜ் வர்மன், மாஃபியா தலைவன், எந்நேரமும் கறுப்புக் கோட்டு. கதாநாயகி பெயர் நிலானி. அவளுடைய அண்ணன் மேல் உள்ள பகைக்காக இவளைக் காரில் தூக்கிக்கொண்டு போய்க் கடற்கரை பங்களாவில் அடைத்துத் தாலி கட்டிவிடுகிறான். அடிப்பான். அடித்துவிட்டு அவனே உட்கார்ந்து மருந்தும் போட்டுவிடுவான். மருந்து போடுகிற இடம் வந்தால் அத்தனை பேரும் சுற்றுகிறதை நிறுத்திவிடுவார்கள்.

பூமாரி என்கிறவர் மட்டும் வாயை மூட மாட்டார். அவர் எனக்கு மருமகள் முறை. "மாஃபியான்னா என்ன தொழிலு மாமா?" என்று கேட்டார். "மணல் அள்ளுதவனுக்கு இங்கிலீஷ் பேரு ஏட்டி" என்றேன். "அப்ப நம்ம பக்கத்துல எத்தன பேருக்குக் கோட்டு தைக்கணும்! சரி, இந்த வெயில்ல கோட்டு போட்டுட்டுத் திரியுதானே, வேர்க்குரு வராதா அவனுக்கு?" என்றார். ரைஹானா, "சும்மா இரு பூமாரி, அவன் மனசுக்குள்ள ஆசை இருக்கு, வெளிய சொல்லத் தெரியல" என்பார். இப்படியே இரண்டு கட்சியாக இருந்தார்கள்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே வாசகர்கள் கருத்துப் போடுகிற இடம் உண்டு. பெண்கள் சொல்லச் சொல்ல நான் தட்டிப் போடுவேன். பூமாரி, "இவன வெளக்கமாத்தால சாத்தணும்னு போடுங்க மாமா" என்றால் நான், "தீரா செல்லம், உனக்காக உயிரையும் கொடுப்பேன், இப்படிக்கு சங்கரன்கோவில் பூமாரி" என்று போட்டுவிடுவேன். கதை எழுதுகிற பெண் அதற்கு இதயப் படம் போட்டு நன்றி சொல்லியிருந்தார். பூமாரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதெல்லாம் விளையாட்டுக்குச் செய்தது.

இசக்கிசெல்விக்கு இருபத்தேழு வயது. எங்கள் சந்தின் கடைசி வீட்டுப் பெண். வாசுதேவநல்லூரில் லோடு ஆட்டோ ஓட்டும் மேற்படி மாரிக்கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பங்குனி மாதம் ஒரு நாள் தாயார் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தபோது ஒரு காதில் கம்மல் இருந்தது, மற்றக் காதில் தையல் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவளும் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். மாரிக்கண்ணன் போன் செய்துகொண்டே இருப்பார், கையில் தூள் என்று எடுக்க மாட்டாள். கதையைப் பற்றி நான்கு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். தீரஜ் வர்மன் உதட்டில் மருந்து போடுகிற இடம். "எரியுமே. அத எழுதலியே" என்றாள். நான் ஏதோ கேலி சொல்லி அதை மூடிவிட்டேன்.

அதன் பிறகு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாற்பத்து மூன்றாம் அத்தியாயம் வந்தது. முந்தின அத்தியாயம் நிலானி பங்களா கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பதோடு முடிந்திருந்தது. போவாளா மாட்டாளா என்று மூன்று நாளாகச் சண்டை. பூமாரி, "இன்னைக்கு அவ போவா. போகலன்னா நான் மொட்டை போடுதேன்" என்று சொல்லிவிட்டார். நான் வழக்கம்போல ஒரு பக்கம் முன்னாலேயே கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் ஒரு குற்றமும் செய்யவில்லை, அது தீரஜ் வர்மனுக்கு முதலிலிருந்தே தெரியும், அவளை அடைப்பதற்குக் காரணம் வேண்டும் என்று பகையைக் கட்டிவிட்டிருக்கிறான். அதுதான் திருப்பம். அதைக் கேட்டதும் நிலானி கேட்டைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. பூமாரி ஜெயித்துவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆகவே நான் போனைப் பார்த்துக்கொண்டே போனில் இல்லாததைப் படித்தேன்.

நான் படித்தது என்னவென்றால், தீரஜ் வர்மன் ஓடிவந்து மண்ணில் முழங்கால் போட்டு அழுகிறான், "சின்னப் பிள்ளையில இருந்து என்னை அடிச்சே வளர்த்தாங்க நிலானி, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்கிறான், கோட்டைக் கழற்றித் தீயில் போடுகிறான், அவள் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே திரும்பி வருகிறாள். இதையெல்லாம் அந்த இடத்திலேயே உட்கார்ந்து கட்டினேன். குரலை வேறு இறக்கிப் படித்தேன். ரைஹானா கையில் தூள் இருந்ததால் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்தார். பூமாரி, "கதைக்காரிக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு. கேட்டு வரைக்கும் போனவ எதுக்குட்டி திரும்புதா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இசக்கிசெல்வி, "பொறவு அவன் கை ஓங்கலையா தாத்தா?" என்று கேட்டாள். நான், "ஓங்கவே மாட்டான் தாயி" என்று சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாரிக்கண்ணன் லோடு ஆட்டோவில் வந்தார். கையில் மல்லிகைப்பூ வைத்திருந்தார். இசக்கிசெல்வி பையோடு ஏறினாள். என் வாசலைத் தாண்டும்போது, "போயிட்டு வாரேன் தாத்தா" என்றாள். நான், "கோட்ட எரிச்சிரச் சொல்லு தாயி" என்றேன். அவள் சிரித்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை நாற்பத்து நான்காம் அத்தியாயம் வந்தது. அதில் நிலானி வேறு ஊருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. "வீட்டுக்குள்ள போனவ பஸ்ஸுக்கு எப்படி மாமா வந்தா?" என்று பூமாரி கேட்டார். நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ரைஹானா தூள் கையோடேயே போனை என் கையிலிருந்து வாங்கி, "அண்ணாச்சி, நீங்க நாளையில இருந்து வர வேண்டாம்" என்று சொன்னார்.

அந்த நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்துக்குக் கீழே ஆயிரத்துக்கு மேல் கருத்து இருந்தது. முக்கால்வாசிப் பேர் அவளைத் திரும்பப் போகச் சொல்லித்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் ராத்திரி சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தார். நான் இதைச் சொன்னபோது ஷாஹின் பானு அவர்கள், "நானுந்தான் போட்டேன் தாத்தா. அவன் பாவம், ஒரு சான்ஸ் குடுன்னு" என்றார். பிறகு, "இத எழுதாதீங்க" என்றார். அதற்குள் எழுதிவிட்டேன். அடித்தால் பேப்பர் அசிங்கமாகிவிடும்.

அதன் பிறகு வியாழக்கிழமை நான் என் மகனுடைய பழைய போனில் அந்த அத்தியாயத்தை இறக்கிக்கொண்டு, உள்ளபடி படித்துக் காட்டிவிட்டு வருவோம் என்று வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டுக்குப் போனேன். மாரிக்கண்ணன் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க தாத்தா, உள்ள போங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். இசக்கிசெல்வி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். முழங்கை வரை ஜாக்கெட்டுக் கை இருந்தது, ஆடி வெயிலில். நான், "தாயி, அன்னைக்கு நான் படிச்சது பொய். அவ திரும்பல, போயிட்டா" என்று சொன்னேன். அவள், "தெரியும் தாத்தா. சனிக்கிழமையே நான் எடுத்துப் படிச்சிட்டேன்" என்றாள்.

"பொறவு ஏன் வந்த?" என்று கேட்டேன். "கதைக்காரி அவள அனுப்பிட்டா. எங்க போய் இருப்பா, யாரு வீட்ல எத்தன நாளு இருப்பான்னு எழுதலியே. நீங்க படிச்சதுல போறதுக்கு ஒரு வீடு இருந்துச்சு" என்றாள். அப்போது வெளியே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. மாரிக்கண்ணன் உள்ளே வந்து, "யாரு போயிட்டா? எவ எங்க போறா?" என்று கேட்டார். "கதை மாப்ள, கதை" என்றேன். "கதையா?" என்று சிரித்தார். பஸ் ஸ்டாப் வரை அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் இசக்கிசெல்விக்குக் கை மணிக்கட்டு முறிந்து சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவள் தாயார் வந்து சொன்னார். நானும் பூமாரியும் போய்ப் பார்த்தோம். மாரிக்கண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "அடிபம்புல வழுக்கி விழுந்துட்டேன் தாத்தா" என்று அவள் சொன்னாள். அந்த வீட்டில் அடிபம்பு கிடையாது. வாசலில் பைப்புதான் இருக்கிறது. அதில்தான் அவர் வண்டி கழுவினார். பூமாரி என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு, நான் அவர் வீட்டுக்கே போய்க் கதை சொல்லுகிற சாக்கில் பெண்டாட்டியை ஓடிப்போகத் தூண்டியதாக மாரிக்கண்ணன் மனு கொடுத்தார். அதன் பேரில் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

ஷாஹின் பானு அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா, நீங்க பிரிக்கல, சேத்துல்லா வச்சிருக்கீங்க! அத மட்டும் நாலு வரி எழுதிக் குடுங்க. மனுவ இன்னைக்கே முடிச்சிருதேன். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னார். அப்படி எழுதினால் நான் வீட்டுக்குப் போகலாம். சேர்த்து வைத்ததுதான் என் தப்பு என்று சொன்னேன். அதற்கு செக்‌ஷன் கிடையாது என்றார். வேறு ஏதாவது செக்‌ஷனில் போட முடியுமா என்று கேட்டேன். "வெளாடாதீங்க தாத்தா" என்றார். என் வாயில் எது வந்தாலும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடிபம்பு விஷயத்தையும் சொன்னேன். "அவரு அடிச்சதக் கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. "அந்தப் பிள்ள வாயால சொல்லிச்சா?" என்று கேட்டார். சொல்லவில்லை. "தெருவுல எங்கனயாவது அடிபம்பு இருக்கும்" என்றார். இருக்கலாம். நான் தெருவைச் சுற்றிப் பார்க்கவில்லை.

நாளைக் காலை இசக்கிசெல்வியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். மாரிக்கண்ணன் அங்கேயேதான் இருக்கிறார், மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வெளியே போய் அரை மணியில் வந்துவிடுவார். அந்த அரை மணிக்குள் பெண் போலீஸ் ஒருவர் போய், பக்கத்தில் யாரும் இல்லாமல், கை எப்படி முறிந்தது என்று அவளிடம் ஒரு தடவை கேட்க வேண்டும். நான் கேட்டால் சொல்ல மாட்டாள், நான் பொய் படிக்கிறவன். அவளுக்குப் போய் இருக்க ஓர் இடம் உண்டு என்று யாராவது சர்க்கார் ஆள் சொன்னால் ஒருவேளை சொல்வாள். இப்போது மணி பன்னிரண்டே முக்கால். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷாஹின் பானு அவர்கள் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, "கையெழுத்து போட்டு மேசையில வச்சிட்டுப் போங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு நடந்தார். "எம்மா, எங்க போறீய? கட்டில் நம்பர் பதினேழு, ஜன்னல் ஓரம்" என்றேன். வாசலில் பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.

மேலே கண்டவற்றில் நான் இசக்கிசெல்வியிடம் "ஓங்கவே மாட்டான்" என்று சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. யாரும் மிரட்டி எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இப்படிக்கு,
சு. சண்முகையா