ஏழு பிஞ்சும் ஒரு மீசையும்

எனக்கு ஆப்பிள் பிடிக்காது சார். பல் கூசும். அதனால் பக்கத்து வீட்டு ஆப்பிளுக்கு ஆசைப்பட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பெயர் சங்கரசுப்பு. வேளாண்மைத் துறையில் முப்பத்தோரு வருடம். குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் நான் மிதிக்காத வரப்பு கிடையாது. பருத்தியில் புழு விழுந்தால் என்ன மருந்து, உளுந்தில் விழுந்தால் என்ன மருந்து என்று சொல்வதுதான் வேலை. புழுவைக் கொல்லச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், ஓய்வு பெற்ற பிறகு சம்பளமே இல்லாமல் புழு வளர்த்தேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

பக்கத்து வீட்டுப் பேச்சிராஜ் லாரி ஓட்டுகிறவன். இமாச்சலுக்கு லோடு ஏற்றிப் போனவன், நம்மூர் வெயிலிலும் காய்க்கும் என்று எவனோ சொன்னதை நம்பி ஓர் ஆப்பிள் கன்று வாங்கி வந்தான். டீக்கடையில் வைத்து என்னிடம் அபிப்பிராயம் கேட்டான்.

"ஏலே, சங்கரன்கோவில் மண்ணுல ஆப்பிள் பழுத்தா நான் பாதி மீசைய எடுத்துருதேன்" என்றேன். இருபது பேர் சிரித்தார்கள். ஆபீசில் முப்பத்தோரு வருடமாக நான் எது சொல்லியும் யாரும் சிரித்ததில்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

மூன்றாம் வருடம் மாசியில் மரம் பூத்தது. பேச்சிராஜ் மகள் காவியா, எட்டாம் வகுப்பு, ஓடிவந்தாள். "பெரியப்பா, பூ விட்டிருக்கு. பாக்க வாரியளா?" தண்ணீர் ஊற்றி அந்த மரத்தை வளர்த்தது அவள்தான். போய்ப் பார்த்தேன். பங்குனியில் சுண்டைக்காய் அளவில் ஏழு பிஞ்சு நின்றது. டீக்கடையில் எனக்கு எந்தப் பக்கத்து மீசை போகும் என்று பேச ஆரம்பித்தார்கள்.

என் கொல்லையில் ஓர் ஆமணக்குச் செடி நிற்கிறது. அதை மேயும் கம்பளிப்புழு ஆப்பிள் இலையையும் விடாது. புத்தகத்தில் படித்தது, வேலையில் ஒருநாளும் உதவவில்லை. படித்த படிப்பு வீணாகக் கூடாதே என்று, அவர்கள் வீட்டில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், புழு மொய்த்த இலைகளைக் கிள்ளிக் கொண்டுபோய் அந்த மரத்தின் கிளைகளில் செருகினேன். மதில் ஏறியதில் வேட்டி கிழிந்தது. வயது அறுபத்திரண்டு.

ஒரு வாரத்தில் இலையெல்லாம் சல்லடை. பேச்சிராஜ் மனைவி பொன்மணி சங்கரன்கோவில் கோவிலுக்குப் போய், பூச்சித் தொல்லை தீர நேர்ந்துகொண்டு, தகட்டில் செய்த பூச்சி உரு வாங்கி உண்டியலில் போட்டு வந்தாள். என் உருவத்தில் எதுவும் அங்கே விற்பதில்லை, நல்லவேளை.

காவியா மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடி, குச்சியால் புழுக்களைத் தட்டிவிட்டிருக்கிறாள். மறுநாள் வலது கண் வீங்கிவிட்டது. பேச்சிராஜ் என்னிடம்தான் வந்தான்.

"அண்ணாச்சி, புள்ளைக்குக் கண்ணு தொறக்க முடியல. திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போவட்டா?"

அந்தப் புழுவின் முடி கண்ணில் குத்தினால் உள்ளே ஏறிக்கொண்டே போகும். அதுவும் அதே புத்தகத்தில் இருக்கிறது. டாக்டர் பார்த்தால் முடி என்பார். எந்தப் புழு என்பார். ஆமணக்கு எங்கே நிற்கிறது என்று பேச்சு வரும்.

"சூட்டுக்கண்ணுதாம்ல. கோவில் புத்துமண்ணக் கரைச்சு விடு, கேட்டுரும்" என்றேன்.

நம்மூரில் சொறிக்கும் பூச்சிக்கடிக்கும் அந்த மண்ணை மேலுக்குப் பூசுவார்கள். கண்ணுக்குள் விடச் சொல்லி யாரும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன். செருப்பில்லாமல் நடந்து போய் நானே வாங்கியும் வந்தேன். படித்த மனுஷன் சொல்கிறான் என்று பத்து நாள் விட்டார்கள். பிள்ளை கத்துவது என் வீட்டுக்குக் கேட்கும். டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வேன்.

அப்புறம்தான் டாக்டரிடம் போனார்கள். முதல் நாளே வந்திருந்தால் முடியை எடுத்திருக்கலாம் என்றாராம். வலது கண் போய்விட்டது. தன்னால்தான் போயிற்று என்று பேச்சிராஜ் என் தோளில் சாய்ந்து அழுதான். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

நேற்றுச் சாயங்காலம் காவியா வந்தாள். நோட்டுக்குள்ளிருந்து காய்ந்த இலை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"கெளையில சொருகியிருந்துச்சு பெரியப்பா. நம்ம தெருவுல ஆமணக்கு உங்க கொல்லையில மட்டுந்தான நிக்கு?"

நான் இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அப்பாட்ட இன்னும் சொல்லல. நீங்களே சொல்லிருங்க."

பேச்சிராஜ் வீடு எனக்குப் பத்தடி. போலீஸ் ஸ்டேஷன் ஒன்றரைக் கிலோமீட்டர். இங்கே நடந்து வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். புழுவை விட்டது நான். மண்ணை விடச் சொன்னது நான். தெரிந்தேதான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே பேச்சிராஜ் மரத்தை வெட்டிவிட்டான். காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஏழும் பச்சைக் காய், ஒன்றுகூடப் பழுக்கவில்லை. என் மீசையைப் பாருங்கள் சார், இரண்டு பக்கமும் இருக்கிறது.