ஏழாவது தட்டு வரைக்கும்

— உங்க பொண்ணு எங்க போனாலும் இப்படித்தான் லேட்டா வருவாளா டீச்சர்? ரெண்டு நாற்காலி காலியா கிடக்கு. பாக்கறவங்க, பஸ்ல துண்டு போட்ட மாதிரி நாம யாருக்கோ இடம் பிடிச்சு வெச்சிருக்கோம்னு நினைப்பாங்க.

— என் பொண்ணு படிச்சதே நான் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்த ஸ்கூல்லதான். ஒரு நாள் லேட்டா வந்தது கிடையாது. இன்னைக்கு உங்க பையனோட சேர்ந்து வர்றா இல்ல, அதான்.

— அப்படிப் போடுங்க! வந்து உக்காந்த இடம் இன்னும் சூடாகல, அதுக்குள்ள ஒரு குத்து. தையல்காரி நானு, குத்தறது என் வேலைங்க.

— போன் பண்ணிக் கேக்கலாம்னா அதையும் வாசல்லயே வாங்கிப் பெட்டியில போட்டுட்டாங்க. சாப்பாட்டுல கவனம் இருக்கணுமாம். எத்தனையோ பரீட்சை நடத்தியிருக்கேன், நான்கூட இந்த அளவுக்குப் போனதில்ல.

— வணக்கம்ங்க. நான்தான் இன்னைக்கு உங்களுக்குப் பரிமாறப் போறேன். இது முதல் தட்டு. வெள்ளரிக்காய், வறுத்த எள்ளு, மேல கடல்பாசி. ஒரே வாயில போட்டுக்கணும்.

— ஏம்மா, அத நீ சொல்லவே வேண்டாம். ரெண்டு வாய்க்கு இதுல எங்க இருக்கு?

— வராதவங்களுக்கும் சேர்த்து நாலு தட்டு வெச்சிருக்கியேம்மா?

— நாலு பேருக்கும் உங்க பிள்ளைங்க முன்னாடியே பணம் கட்டிட்டாங்க மேடம். இங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல வரும், யாருக்காகவும் நிக்காது. மொத்தம் ஏழு தட்டு. மெனு கார்டெல்லாம் கிடையாது, சமையல்காரர் குடுக்கறதுதான். இது ஜப்பான் முறை.

— கேட்டீங்களா டீச்சர்? எங்க வீட்லயும் அதே சட்டம்தான். நான் போடறதத்தான் திங்கணும். அதுக்கு ஜப்பான் முறைன்னு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ கடை போட்டிருப்பேன்.

— பெரிய ஓட்டல்ல இதே சாப்பாடு சாப்பிடணும்னா சொத்தை எழுதிக் குடுக்கணும் மேடம். இங்க எல்லாருக்கும் கட்டுப்படியாகற மாதிரி பண்றோம்.

— கட்டுப்படி ஆகுது தாயி. வயித்துக்குத்தான் ஆகல. நீ போய் ரெண்டாவதக் கொண்டா.

— எள்ளு நல்லா வறுபட்டிருக்கு. நூத்துக்கு நாப்பது போடலாம்.

— மார்க்கா! சாப்பாட்டுக்குமா? இந்தத் துடைக்கற துண்டுக்கு நான் போடறேன் முட்டை. ஓரம் அடிச்சிருக்கற லட்சணத்தப் பாருங்க, பாம்பு ஊர்ந்த மாதிரி. ஆமா, அந்த ரெண்டு தட்டு?

— இருக்கட்டும். வந்து சாப்பிடுவாங்க.

— அதுக்குள்ள அந்தம்மா வந்து எடுத்துட்டுப் போயிடுவா. வீணாப் போகும்.

— வீணாக்கறது எனக்கும் பிடிக்காது. சரி, நீங்க உங்க பையன் பங்கை எடுத்துக்குங்க. நான் என் பொண்ணு பங்கை எடுத்துக்கறேன்.

— பாகம் பிரிச்சாச்சு. எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?

— வலது பக்கத்து நாற்காலி என் பொண்ணோடது.

— எதுலயும் விட்டுக் குடுக்காதீங்க நீங்க.

— இது ரெண்டாவது தட்டுங்க. கண்ணாடி மூடியைத் திறக்கறப்போ புகை வரும், அத முதல்ல மோந்து பாக்கணும். உள்ள காளான், மரக்கரியில வாட்டினது.

— ஐயய்யோ, ஏதோ பத்திக்கிச்சு! தண்ணி கொண்டா!

— அதுதாங்க புகை. அதுதான் இந்தத் தட்டோட விசேஷம்.

— எங்க அடுப்பு புகைஞ்சா பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வர்றா. இங்க புகையக் காட்டி மூக்கு மேல வெரல வெக்கச் சொல்றீங்க. நல்லா இருங்க.

— புகை அடங்கறதுக்குள்ள நம்ம விஷயத்தப் பேசிடலாமா? பசங்க வந்தப்புறம் உங்களுக்கு ஒரே சிரிப்பும் பேச்சுமா போயிடும். முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க இருக்கப் போறது என் வீட்லதான். மாடியில அவங்களுக்குன்னே பெரிய ரூம் கட்டி, கட்டில் போட்டு, திரை மாட்டி வெச்சிருக்கேன்.

— இதுதானே பேச்சு? இதச் சொல்லிச் சொல்லித்தானே கல்யாணமே தள்ளிப் போகுது? என் பையன் வீட்டோட மாப்பிள்ளையா வரணும். அதத்தானே சுத்தி வளைக்கறீங்க?

— நான் அந்த வார்த்தையச் சொல்லவே இல்ல.

— சொல்லாம கட்டில் போட்டிருக்கீங்க. டீச்சர், எனக்கு ஒத்தப் பையன். அவங்கப்பா போனப்போ இவன் இடுப்புல இருந்தான். ஒரு காலால மெஷின மிதிப்பேன், இன்னொரு காலால தொட்டில ஆட்டுவேன். அப்படி வளத்தவன நீங்க கட்டில் காட்டிக் கூட்டிட்டுப் போவீங்க, நான் கைதட்டணுமா?

— உங்க வீட்ல முன் ரூம் முழுக்கத் தையல் கடை. துணி, நூல், அளவு குடுக்க வர்ற பொம்பளைங்க. என் பொண்ணு எங்க உக்காருவா? எங்க படிப்பா?

— உக்காரறதுக்கு ஸ்டூல் இருக்கு. படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு, இன்னும் என்ன படிக்கப் போறா? உங்க கிட்ட மாட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு பாவம்.

— இதான், இந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்கல!

— மூணாவது தட்டு, பச்சை மீன். சமைச்சது இல்லைங்க. பக்கத்துல இருக்கற பச்சை விழுது...

— வெச்சுட்டுப் போம்மா. எங்களுக்குச் சாப்பிடத் தெரியும்.

— இல்லைங்க, அந்த விழுத மட்டும் கொஞ்சமா...

— போம்மான்னா! பாருங்க டைலரம்மா, நான் உங்களத் தாழ்த்திப் பேசல. ஆனா ஒரு பொண்ணுன்னா... ம்... ஒரு பொண்ணுன்னா...

— என்ன ஆச்சு? டீச்சர்? ஐயோ, ஏன் இப்படி அழறீங்க? நான் ஏதோ வாய்த்துடுக்கா சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. இந்தாங்க, இந்தக் கோணல் துண்டு, துடைச்சுக்குங்க.

— அழல... காரம்! மூக்கு... மூளைக்குள்ள போகுது! அரைச்ச கீரைன்னு நினைச்சு மொத்தமா...

— மொத்தத்தையும் வாய்ல போட்டீங்களா? அந்தம்மா கொஞ்சமாங்கறதுக்குள்ள விரட்டி விட்டீங்களே! தண்ணி குடிங்க. ஹெட்மிஸ்ட்ரஸே பாடம் கேக்கலன்னா யார் கேப்பா?

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. சரி, கொஞ்சம் சிரிச்சேன். அடங்குச்சா?

— ம்.

— அப்புறம் ஏன் இன்னும் கண்ணுல தண்ணி கொட்டுது? இன்னுமா காரம்?

— இல்ல. இது என் பொண்ணுக்காக.

— என்ன டீச்சர்?

— அவ ஆபீஸ் போனதும் வீட்ல டிவியப் போட்டுடுவேன். பாக்கறது கிடையாது, சத்தத்துக்கு. கரண்ட் போனா, அந்த வீட்ல என் மூச்சு எனக்கே கேக்குது. அத்தனை பசங்க கத்தற ஸ்கூல்ல, சத்தம் போடாதே சத்தம் போடாதேன்னே காலத்த ஓட்டினேன். இப்ப யாராவது கத்த மாட்டாங்களான்னு இருக்கு. அவளும் போயிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்குங்க. போதுமா?

— இத முன்னாடியே சொல்லியிருந்தா இத்தனை மாசம் சண்டை போட்டிருக்க மாட்டேனே. ரூம் பெருசு, காத்து வரும், பாத்ரூம்ல டைல்ஸ்னு வீட்டு புரோக்கர் மாதிரில்ல பேசினீங்க?

— உங்களுக்கு என்ன, நாள் முழுக்க ஆள் வந்து போற இடம்.

— பகல்ல வருவாங்க. ராத்திரி எனக்கு யாரு? கடையச் சாத்திட்டு ரெண்டு தட்டு எடுத்து வெச்சுக் காத்துக்கிட்டு இருப்பேன். அவன் வந்து செருப்பக் கழட்டற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பசியே எடுக்கும். அவன் வெளியூர் போற அன்னைக்கு நான் சாப்பிடறதே இல்ல. அவன் கிட்டச் சொல்ல மாட்டேன், சொன்னாத் திட்டுவான்.

— நாலாவது தட்டுங்க. முட்டைய ஆவியில வெச்சது. கப்புக்கு அடியில ஒரு இறால் இருக்கு, தோண்டி எடுக்கணும்.

— புதையல் மாதிரி ஒளிச்சு வெச்சிருக்கீங்களாக்கும். சரி, தோண்டறோம்.

— ஏம்மா, பசங்க கிட்டயிருந்து ஏதாவது தகவல் வந்துதா?

— வ... வந்துடும் மேடம். நீங்க சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க.

— எதுக்கு இந்தம்மா இப்படி முழிக்கறா? சரி விடுங்க. டீச்சர், உங்க பொண்ணு பங்கு இறால் பெருசா இருக்கு.

— வேணும்னா எடுத்துக்குங்க.

— நிஜமாவா? வலது பக்கத்து நாற்காலியிலேர்ந்தா?

— எடுத்துக்குங்கன்னு சொல்றேன். உங்க பையன் தட்டுல மிச்சம் இருக்கற மீன இப்படித் தள்ளுங்க. அந்த விழுது இல்லாம.

— இப்பதான் வழிக்கு வர்றீங்க. இது எப்படி இருக்கு? பாஸா?

— எழுபது. குழந்தைக்கு ஊட்டற மாதிரி இருக்கு, தொண்டையில தானா இறங்குது.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? நம்ம பிள்ளைங்கள ரெண்டா வெட்ட முடியாது. வாரத்த வெட்டலாம். நாலு நாள் என் வீடு, மூணு நாள் உங்க வீடு.

— ஏன் உங்களுக்கு நாலு?

— மாப்பிள்ளை வீடுங்க!

— அது என்ன கொம்பா? திங்கள் முதல் வியாழன் என் வீட்ல இருக்கட்டும், ஆபீஸ் பக்கம். வெள்ளி, சனி உங்களோடது.

— ஞாயித்துக்கிழமை?

— ஞாயித்துக்கிழமை... சூப் வருது, குடிச்சுட்டு யோசிக்கலாம்.

— நல்லா யோசிங்க. இது என்னம்மா, கிண்ணத்துக்கு ஸ்பூனே இல்ல?

— அப்படியே கிண்ணத்தோட தூக்கிக் குடிக்கணுங்க. உறிஞ்சற சத்தம் கேக்கலாம், தப்பில்ல.

— டீச்சர், சத்தம் போடலாமாம்! உறிஞ்சுங்க. இன்னும் பலமா. என்ன வெக்கம், இங்க உங்களுக்கு யார் மார்க் போடப் போறா? அவ்வளவுதான், அப்படித்தான்!

— எனக்கு ஒண்ணு தோணுது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் என் வீட்டுக்கு வந்துடுங்க. நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம். நான் சமைக்கறேன்.

— நீங்க சமைச்சு நான் சாப்பிட்டா நூத்துக்கு எவ்வளவு போடணும்? பயமா இருக்கே.

— சம்மதமா, இல்லையா?

— சம்மதம் டீச்சர். சம்மதம், சம்மதம். அடுத்த மாசமே கல்யாணத்த வெச்சுடலாம். மண்டபம் உங்க இஷ்டம். ஜவுளி மட்டும் நான்தான். ரவிக்கைய வேற எவ கிட்டயும் குடுக்க விட மாட்டேன்.

— பசங்க வரட்டும், மூஞ்சியப் பாக்கணும். நாம முடிச்சு வெச்சிருக்கோம்னு சொன்னா நம்பவே மாட்டாங்க.

— ஆறாவதா வந்த சோத்து உருண்டைய முழுங்கியாச்சு, இன்னும் ஆளக் காணோம். ஏம்மா, இங்க வா. என்ன தட்டக் கையில வெச்சுக்கிட்டு அங்கேயே நிக்கற?

— இது ஏழாவது தட்டுங்க. இனிப்பு. இது எங்க மெனுவுல இல்ல. உங்க பிள்ளைங்க தனியா சொல்லி செய்யச் சொன்னது.

— கேக்கு மாதிரி இருக்கே. என்ன விசேஷம்?

— கல்யாணக் கேக்குங்க.

— அடுத்த மாசக் கல்யாணத்துக்கு இப்பவே கேக்கா? நாங்க பேசினத நீ ஒட்டுக் கேட்டியா?

— இல்லைங்க. அவங்களுக்கு இன்னைக்குக் காலைல கல்யாணம் ஆயிடுச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. ஏழாவது தட்டோட சொல்லணும்னு சொல்லிட்டுப் போனாங்க.

— விளையாடாதம்மா. உனக்கு எப்படித் தெரியும்?

— சாட்சிக் கையெழுத்து போட்டதே நானும் எங்க சமையல்காரரும்தாங்க.

— பெத்தவங்க ரெண்டு பேர் குத்துக்கல்லு மாதிரி இருக்கோம், சாட்சிக்கு மீன் வெட்டறவரா! டீச்சர், கேட்டீங்களா அநியாயத்த!

— கொஞ்சம் இருங்க. ஏம்மா, ஏன் ஏழாவது தட்டு? அத முதல் தட்டுலயே சொல்லியிருக்கலாமே?

— முதல்லயே சொன்னா நீங்க ஸ்டேஷனுக்கு ஓடுவீங்கன்னு... அவங்க ரயில் இந்நேரம் கிளம்பியிருக்கும் மேடம். ரெண்டு பேரும் வெளியூர்ல வேலை வாங்கிட்டாங்க. ஒரு ராத்திரி ஒரு பகல் போகணுமாம். போனையும் வாங்கி வெச்சுக்கிட்டு, இவ்வளவு மெதுவா சாப்பாடு போடற இடம் எங்களோடது ஒண்ணுதான்னு தேடிப் பிடிச்சு வந்தாங்க.

— அப்போ இத்தனை நேரம் எங்கள உக்கார வெச்சுக் காது குத்தியிருக்கீங்க. வெள்ளரிக்காய்ல ஆரம்பிச்சு!

— என்னை மன்னிச்சுடுங்க. அவங்க ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. உங்க ரெண்டு பேர்ல யார் வீட்டுக்குப் போனாலும் இன்னொருத்தர் அழுவாங்க, எங்களால தேர்ந்தெடுக்க முடியல, அதான் போறோம்னு. அங்க வீடு பாத்தாச்சாம். நீங்க எப்ப வேணா வரலாமாம். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்துதான் வரணுமாம். தனியா வந்தா கதவு திறக்க மாட்டாங்களாம்.

— போக்கிரிப் பசங்க! ஞாயித்துக்கிழமை வரைக்கும் பிரிச்சு வெச்சோமே டீச்சர்! யாருக்கு? காலி நாற்காலிக்கா?

— நீ போம்மா. உன் மேல கோவம் இல்ல. எங்களக் கொஞ்சம் தனியா விடு.

— சரிங்க மேடம்.

— டீச்சர், நான் இப்ப வீட்டுக்குப் போயி என்ன பண்ணுவேன்? ராத்திரி யாருக்குத் தட்டு வெக்கறது?

— அந்தக் கேக்க எடுத்துச் சாப்பிடுங்க. அவங்க பங்கும் நமக்குத்தான்.

— இறங்காது டீச்சர்.

— இறங்கும், சாப்பிடுங்க. மென்னுக்கிட்டே நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க.

— என்னது?

— உங்க தையல் மெஷின என் மாடிக்கு ஏத்தணும்னா எத்தனை ஆள் வேணும்?