உப்புக்குளத்து அத்திவாரங்களில் ஊரைக் கண்ட வலன்ரைன் ஐயா அவர்களுக்கு

கடற்காற்றும் கழுதைக் கூட்டமும் கட்டிடக் கல்லும் கலந்து கிடக்கும் மன்னார் நகரை, காலால் நடந்து, கண்ணால் அளந்து, கையால் தோண்டிய கள ஆய்வாளரே! இருபத்தொன்பது ஆண்டு அரச சேவையின் கடைசி ஏழாண்டை எங்கள் நகர மரபுப் பதிவகத்துக்கே ஈந்து, இன்று ஓய்வுபெறும் ஏந்தலே! வணக்கம்!

மீள்குடியேற்றத்தில் ஊரெங்கும் வீடுகள் எழுந்த காலம் அது. கொங்கிறீற் கொட்டுமுன் நீங்கள் அத்திவாரக் குழிக்குள் இறங்கிவிடுவீர்கள். ஓட்டுத்துண்டு ஒன்று அகப்பட்டால் உங்கள் சாப்பாட்டையும் மறந்து, எங்கள் சாப்பாட்டையும் மறக்கடிப்பீர்கள்!

உப்புக்குளத்தில் லூர்தம்மா அவர்களின் அத்திவாரக் குழியில், கடலில் வெட்டியெடுத்த பழைய முருகைக்கல் வரிசை தெரிந்த அன்று, ஆர்வக்கோளாறில் நாங்கள் செய்ததை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம். ஆய்விடமென்று குறிக்கக் குழியைச் சுற்றிச் சிவப்புத் தலை முளைகளை அடித்தோம். மிதிவெடி அகற்றிய நாட்டில் சிவப்பு முளைக்கு வேறென்ன பொருள்? மேசன்மார் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள், ஒழுங்கையே வெறிச்சோடியது. தமிழ்நாட்டு முகாமிலிருந்து இருபத்தொரு ஆண்டுகளின் பின் திரும்பிய லூர்தம்மா மட்டும் அசையவில்லை. “வெடியெண்டாலும் போகமாட்டன், பழைய கல்லெண்டாலும் போகமாட்டன். இந்தக் காணியையும் விட்டிட்டு நான் எங்க போறது?” என்று கேட்டார்.

முளைகளை நீங்களே பிடுங்கினீர்கள். “அம்மா, உங்கட வீடு இஞ்சதான் எழும்பும். எனக்கு மூண்டு நாள் மட்டும் தாங்கோ” என்றீர்கள். மூக்கால் அழுதுதான் தந்தார். அந்த மூன்று நாளில் முத்துச்சிப்பி ஓடுகள், நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டுகள், அவற்றின் கீழே முருகைக்கல் பாவிய முழுத் தெரு! எந்த வரைபடமும் சொல்லாத மன்னார் எங்கள் இடுப்பளவு ஆழத்தில் கிடந்தது. ஒழுங்கை அதிரக் கத்தினோம், ஐயா! வீட்டின் வரைபடத்தை நாலடி தள்ளிப் போடவைத்துத் தெருவைக் காத்தீர்கள். சொன்னபடியே நாலாம் நாள் அத்திவாரக் கல்லும் விழுந்தது.

அந்த லூர்தம்மா நேற்று எங்கள் கந்தோருக்கு வந்தார். “பின்பக்கம் குசினி ஒண்டு கட்டப் போறன். ஐயா வந்து தோண்டிப் பாக்காமல் ஒரு கல்லும் வைக்கமாட்டன்” என்று ஒரே பிடியாக நின்றார். இதோ, முன்வரிசைக் கதிரையில் மண்வெட்டியோடு வந்து அமர்ந்திருக்கிறார்!

ஆண்டவர் அருளால் நோயின்றி, நொடியின்றி, முழங்கால் வலியின்றி நெடுங்காலம் வாழ்க! ஓய்வை நாளை மறுநாள் தொடங்கலாம். இப்போது மாலையைக் கழற்றிவிட்டு எழும்புங்கோ ஐயா, லூர்தம்மா கனநேரம் பொறுக்கமாட்டார்!

அன்பும் பெருமிதமும் பொங்க,
பதிவகப் பணியாளர்கள்,
மன்னார்.