பூட்டக்காவின் காலிப் பெட்டி

எங்கள் மருத்துவமனையின் கணினிகளைக் கண்ணிமை போல் காத்தவரே, சர்வர் அறையின் கதவாகவும் காவலாகவும் நின்றவரே, எதையும் பூட்டியே வைப்பதால் இத்தனை காலம் முதுகுக்குப் பின்னால் பூட்டக்கா என்று நாங்கள் அழைத்துவிட்டு இன்று முகத்துக்கு நேராகவே அப்படி அழைக்கத் துணிந்த எங்கள் மூத்த நிர்வாகியே, வணக்கம்.

இன்று உங்கள் பணிநிறைவு விழா; கணினிகளின் அப்டேட் நாளும் இன்றுதான். "விழாவ நாளைக்கு வச்சுக்கலாமே" என்று நீங்கள் எவ்வளவோ கேட்டும் நாங்கள் மசியவில்லை. உங்கள் கவலை எங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்கேன் அறையின் பழைய இயந்திரம் எடுக்கும் படங்களைத் திறக்கவென்றே, ஒரு லினக்ஸ் மென்பொருளின் மூலநிரலைத் திருத்தி நீங்களே கம்பைல் செய்து, இயங்கும் வடிவமாக்கி வைத்தீர்கள். முன்பொரு அப்டேட் நாளிலோ, மென்பொருள்களைப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜர் என்ற நிரல், உங்கள் உழைப்பை அறியாமல், ஊருக்கெல்லாம் பொதுவான பதிப்பைக் கொண்டுவந்து அதன்மேல் எழுதிவிட்டது. அறுவை அரங்கில் நோயாளி காத்திருக்க, டாக்டரின் திரை கறுத்து நின்றது. அன்று நீங்கள் படியேறி ஓடிய ஓட்டத்தை நாங்கள் மறக்கவில்லை.

அதன்பின் உங்கள் மென்பொருளைத் தனிக் கோப்புறைக்கு மாற்றினீர்கள். அதே பெயரில், உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பேக்கேஜை, வெறும் காலிப் பெட்டியைச் செய்து, எந்தப் புதுப் பதிப்பும் எட்ட முடியாத பெரிய பதிப்பு எண்ணை அதன் நெற்றியில் ஒட்டினீர்கள். இங்கே இருப்பதே புதியது என்று நம்பி, பேக்கேஜ் மேனேஜர் வந்த வழியே திரும்பிப் போனது.

"காலிப் பெட்டிக்கு இவ்ளோ பெரிய நம்பரா?" என்று சிரித்த மருத்துவமனை மேலாளர், பிறகொரு நாள் உங்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் ஒரே அடியாக அப்டேட் செய்ய வைத்தார். பிரிண்டர் முதல் வருகைப்பதிவு வரை எல்லாம் மக்கர் செய்தன. ஸ்கேன் படங்கள் மட்டும் பளிச்சென்று திறந்தன. அன்றிலிருந்து அவர் உங்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைகிறார்.

"கேட்டுட்டுத் தொடுங்க" என்பதை எங்கள் தாரக மந்திரமாக்கிய தகைமையே, உங்கள் கோபம் எங்களுக்குப் பிடிக்கும் என்றால் அது பொய். ஆனால் அந்தக் கோபம் இல்லாத திங்கட்கிழமையிலும், எதையும் தொடுமுன் உங்கள் காலி நாற்காலியைத்தான் திரும்பிப் பார்ப்போம். நோய்நொடி அண்டாமல், நிம்மதியான உறக்கத்தோடு நீடூழி வாழ்க.

இம்மடலை அச்சிடும்போது கீழே கொஞ்சம் இடம் விட்டுவைத்தோம். அதில் சற்றுமுன் பேனாவால் எழுதியது இது: இன்றைய அப்டேட்டை நாங்களே ஓட்டி முடித்துவிட்டோம். காலிப் பெட்டி அசையவில்லை. ஸ்கேன் அறையிலிருந்து ஃபோனில் சொன்னார்கள்: "படம் நல்லாத் தெளிவா இருக்கு. விழாவுல வாசலையே பாத்துக்கிட்டு இருக்காம அக்காவ நிம்மதியா உக்காரச் சொல்லுங்க."

நெஞ்சு நிறைந்த அன்புடன்,
உங்கள் கணினிப் பிரிவினர்