வண்டியில்லாப் பாதையில் ஒரு வேன்

– அந்த வேனை எடுத்துடுங்கம்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அது இந்தப் பாதையில இருக்கக் கூடாது.

– எடுத்துடறேன் சார். எந்தப் பக்கமா எடுக்கட்டும்?

– எந்தப் பக்கமா இருந்தா என்ன? வெளிய எடுங்க, அவ்வளவுதான்.

– கிழக்க நாலு இரும்புத் தூண் நட்டிருக்கீங்க. மேற்க நாலு. இந்தப் பக்கம் கால்வாய், அந்தப் பக்கம் முழங்கால் சேறு. தலையில தூக்கிட்டுப் போகலாம்னா எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு சரியில்ல.

– அதாவதும்மா, தூண் நட்டா வண்டி உள்ள வராது. அதுக்குத்தானே நட்டது.

– உள்ள வராதுங்கிறதை நான் ஒத்துக்கறேன் சார். ஏற்கெனவே உள்ள இருந்தது எப்பிடி வெளிய போகும்?

– தூண் நட்ட அன்னைக்கு வேன் உள்ளயா இருந்துச்சு?

– சாப்பிட்டுட்டு அரை மணி கண்ணயர்ந்தேன். எழுந்து, துவைச்ச பெட்ஷீட்டையெல்லாம் ஏத்திக்கிட்டு டவுனுக்குக் கிளம்பினா ரெண்டு முனையிலயும் சிமெண்ட் காயுது. தொடாதீங்கன்னு பலகை வேற.

– ஆளுங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே.

– சொன்னேன். ‘நடுறதுதான் எங்க வேலை, பிடுங்கறது வேற செக்‌ஷன்’னுட்டாங்க.

– அது கரெக்ட். பிடுங்கற செக்‌ஷன் தனி.

– பதினாலு நாள் ஆச்சு சார். ஆறு லாட்ஜுக்கு பெட்ஷீட்டு, உறை, டவலு எல்லாம் நாங்கதான் துவைச்சுக் குடுக்கறோம். இப்ப ஆறு போய் நாலு. மூட்டையைத் தள்ளுவண்டியில போட்டு எங்க வீட்டுக்காரர் அஞ்சு கிலோமீட்டர் தள்ளிட்டுப் போறாரு. படுத்தா திரும்பிப் படுக்க முடியல மனுஷனால. முந்தாநாள் டவலால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதாரு. லாட்ஜ் டவலாச்சேன்னு அதை மறுபடி துவைச்சேன்.

– தள்ளுவண்டிக்கு இந்தப் பாதையில அனுமதி இல்லம்மா. சரி, நீங்க சொன்னது என் காதுல விழல.

– மனு போட்டேன். பதில் வந்துச்சு. படிச்சுக் காட்டறேன், கேளுங்க. ‘மேற்படி பாதை மோட்டார் வாகனமற்ற பாதையாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், தாங்கள் குறிப்பிடும் வாகனம் அப்பாதையில் இருக்க வாய்ப்பில்லை.’ கீழ கையெழுத்து உங்களுது.

– அது எல்லாருக்கும் போற பதில்மா.

– வாய்ப்பில்லாத அந்த வேன்மேலதான் சார் சாஞ்சுக்கிட்டு நிக்கறீங்க. சட்டையில தூசி ஒட்டுது பாருங்க.

– என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கம்மா. நாளைக்கு வர்றவர் சாதாரண ஆள் இல்ல. ஊர் ஊராப் போய் சைக்கிள் பாதைக்கு நட்சத்திரம் போடுற மதிப்பீட்டாளர். மூணே விஷயம்தான் பார்ப்பாரு. மேடு இருக்கக் கூடாது, வரலாறு இருக்கணும், வண்டி இருக்கக் கூடாது. மேடு இல்ல, அதை லெவல் வெச்சுப் பார்த்துட்டோம். வரலாறு, பதினேழு பலகை வெச்சாச்சு.

– ஒரு பலகை எங்க துணி காயப் போடுற கொடிக்கு நேரா நிக்குது. ‘இங்கு ஓர் அரசர் தம் படையுடன் இளைப்பாறினார்.’ எந்த அரசர் சார்?

– பேரு இன்னும் முடிவாகல. கமிட்டி உக்காந்திருக்கு.

– இளைப்பாறினது முடிவாயிடுச்சு.

– அதாவதும்மா, பன்னெண்டு கிலோமீட்டர் வெட்டவெளி. ஒரு அரசர்கூட உக்காராமயா போயிருப்பாரு? ஆராய்ச்சின்னா அப்பிடித்தான் ஆரம்பிக்கும்.

– எங்க மாமனாரு இந்தக் கரையில நாப்பது வருஷம் துணி துவைச்சாரு. அவருக்கு ஒரு பலகை உண்டா?

– அவர் வீடு இருந்ததுக்கு ஆதாரம் வேணும்.

– வீட்டு வாசல்லதானே நின்னு பேசறீங்க.

– எங்க வரைபடத்துல இங்க வீடு இல்லம்மா.

– பார்த்தேன். எங்க வீடு இருக்கற இடத்துல தொப்பி போட்ட பொண்ணு ஒண்ணு சைக்கிள்ல சிரிச்சுக்கிட்டுப் போகுது.

– அந்தப் படம் நல்லா வந்திருக்குன்னு மேலிடத்துலயே பாராட்டினாங்க. அதைப் போட வேற காலி இடம் கிடைக்கல.

– சரி, அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். நான் கேக்கறது ரெண்டே ரெண்டு தூண். அரை மணி நேரம் பிடுங்கி வெச்சீங்கன்னா வேன் வெளிய போயிடும். அப்புறம் எட்டு என்ன, எண்பது தூண்கூட நட்டுக்கோங்க. வேனை டவுன்லயே நிறுத்திக்கறேன். உங்களுக்கும் அது வெளிய போகணும், எனக்கும் போகணும். இதுல நமக்குள்ள என்ன சண்டை?

– சண்டையே இல்லம்மா. நடைமுறைதான். பிடுங்கற செக்‌ஷனுக்கு நான் லெட்டர் எழுதணும். எழுதினா காரணம் போடணும். ‘உள்ள ஒரு வேன் இருக்கு’ன்னு போட்டா, இது வண்டியில்லாப் பாதை இல்லன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்.

– வேற காரணம் போடுங்க.

– வேற காரணத்துக்குத் தூணைப் பிடுங்க விதி இல்ல.

– ஆக, வேன் இருக்குன்னு சொன்னாத்தான் அது வெளிய போகும். இருக்குன்னு நீங்க சொல்ல மாட்டீங்க.

– இவ்வளவு தெளிவா எங்க ஆபீஸ்லயே யாரும் புரிஞ்சுக்கல.

– நல்லாயிருக்கு சார்.

– அதனாலதான் நானே நேர்ல வந்தேன். யோசனையோட வந்திருக்கேன். ஒண்ணு, மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து வேனைக் கழட்டிடலாம். துண்டு துண்டா வெளிய தூக்கிட்டுப் போயிடலாம்.

– மறுபடி மாட்டுறது?

– அது எங்க எல்லைக்கு வெளிய.

– அடுத்ததைச் சொல்லுங்க.

– உங்ககிட்டதான் பெட்ஷீட் இருக்கே. நாப்பது அம்பது பெட்ஷீட்டை மேல போட்டு மூடிட்டா துணி மூட்டைன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாரு.

– சக்கரம் வெச்ச மூட்டை.

– அதுவும் பிடிக்கலன்னா வரலாறு ஆக்கிடலாம். வேன் என்ன வயசு?

– இருபத்தாறு.

– போதும். ‘பண்டைய சலவைத் தொழிலாளர் ஊர்தி’ன்னு ஒரு பலகை. பதினெட்டாவது பலகை. சின்னம்னு அறிவிச்சுட்டா அது வண்டி கணக்குல வராது. எனக்குக்கூட இது ரொம்பப் பிடிச்சிருக்கு.

– அப்புறம் நான் ஓட்டலாமா?

– தொடவே கூடாது. சுத்தி வேலி போட்டுடுவோம்.

– சார், இதுல நீங்க என்னைப் பார்க்கவே மாட்டேங்கறீங்க. மேடு பார்க்கறீங்க, அரசரைப் பார்க்கறீங்க. இன்னும் ஒரு லாட்ஜ் கைவிட்டுப் போச்சுன்னா நாங்க இந்த வீட்டைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். நேராக் கேக்கறேன். எங்க வீட்டுக்காரர் இடுப்பை நினைச்சாவது, யாரையும் கேக்காம, ரெண்டு தூணைப் பிடுங்குவீங்களா மாட்டீங்களா?

– மாட்டேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க. லெட்டர் இல்லாமப் பிடுங்கினா என் வேலை போயிடும். முதல்ல அந்த மதிப்பீட்டாளர் வந்துட்டுப் போகட்டும். அடுத்த மாசம் உக்காந்து பேசலாம்.

– அவர் வந்துட்டுப் போயிட்டாரு சார்.

– யாரு?

– நட்சத்திரம் போடுறவரு. நேத்து மத்தியானம். சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே, சொல்லாம வந்து பார்க்கறதுதான் அவர் பழக்கமாம்.

– அதாவது... நேத்தா? தனியாவா? எப்பிடி இருந்தாரு?

– நாக்குத் தள்ளி இருந்தாரு. சைக்கிளை ஓட்டல, தள்ளிக்கிட்டு வந்தாரு. எதிர்க்காத்து. மேடே இல்லாத வெட்டவெளியில காத்தைத் தடுக்க என்ன இருக்கு சார்? நாலு கிலோமீட்டர்லயே முட்டி வீங்கிடுச்சு. ரெண்டு செம்பு தண்ணி குடிச்சாரு. இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டாரு. எட்டுன்னேன். அப்பிடியே தரையில உக்காந்துட்டாரு.

– ஐயோ. திரும்பிப் போயிட்டாரா?

– பாவமா இருந்துச்சு. சைக்கிளைப் பின்னாடி மூட்டைமேல போட்டு, அவரை முன் சீட்டுல ஏத்தி, கடைசித் தூண் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

– வேன்லயா? இந்த வேன்லயா? வண்டியில்லாப் பாதையில மதிப்பீட்டாளரை வேன்ல கூட்டிட்டுப் போனீங்களா? போச்சு. எல்லாம் போச்சு.

– என்ன போச்சு? ஜன்னல் ஓரம் உக்காந்து, காத்து வாங்கிக்கிட்டே பலகையெல்லாம் படிச்சாரு. இளைப்பாறின அந்த அரசர் மாதிரி அவரும் நடுவுல கொஞ்சம் தூங்கினாரு. எழுந்து ஃபாரத்தை மடியில வெச்சுக்கிட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதினாரு.

– என்னன்னு?

– ‘பன்னிரண்டு கிலோமீட்டரும் பயணம் செய்தேன். வழி நெடுக ஒரு வண்டி கூடக் கண்ணில் படவில்லை. களைப்பே தெரியவில்லை.’

– அப்பிடியா எழுதினாரு?

– உள்ள உக்காந்திருக்கறவருக்கு வேன் எங்க சார் தெரியும்? அஞ்சு நட்சத்திரம். கையெழுத்து, சீல் எல்லாம் போட்டு, ‘எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, சொன்ன தேதியில வரமாட்டேன், அதிகாரி வந்தா இதைக் குடுத்துடுங்க’ன்னு என் கையில குடுத்தாரு.

– அஞ்சு நட்சத்திரம். அம்மா, நீங்க தெய்வம்மா. இதை வந்த உடனே சொல்லியிருக்கக் கூடாதா? இவ்வளவு நேரம் என்னைக் கதற விட்டீங்களே.

– எனக்காக ஒரு தூணாவது பிடுங்குவீங்களான்னு பார்த்தேன் சார். பிடுங்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கையில குடுத்திருப்பேன்.

– நான் அப்பிடி நினைச்சு சொல்லல. சரி, அந்த ஃபாரம் எங்க?

– வேன்லதான். டேஷ்போர்டு உள்ள. பூட்டியிருக்கு.

– சாவி?

– இடுப்புல.

– அப்ப திறங்கம்மா.

– திறக்கறேன் சார். டவுன்ல, கைவிட்டுப் போன அந்த ஆறாவது லாட்ஜ் வாசல்ல, பெட்ஷீட் இறக்கும்போது.