யாரும் போடாத பூட்டு

இரவு இரண்டு மணி. தொழிற்சாலைகளுக்குப் பின்னால் போகும் சாலை... கம்பங்கள் உண்டு, விளக்குகள் எரியாது. அந்தச் சாலையில் என் நண்பனுடைய மச்சினன் பைக்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். நான் நேரில் பார்த்ததில்லை. நண்பன் சொன்னான், அவனுக்கு மச்சினன் சொன்னான். மச்சினனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்நேரம் அவனும் சூப்பர்வைசர் ஆகியிருப்பான். சிரித்தது போதும், அந்தக் கதவைச் சாத்து.

சோப்பு ஆலையில் அவன் எலக்ட்ரீஷியன். கான்ட்ராக்ட் ஆள். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு அப்போது நிறைமாதம், அந்த வேலையைத்தான் வீடே நம்பியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தவனை சூப்பர்வைசர் போனில் எழுப்பினார்.

"ஒரு பூட்டை வெட்டணும். வந்துட்டுப் போ."

அப்போதே அவனுக்கு உறுத்தியது. கட்டர் ஆலையிலேயே இருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பூட்டுக்கு நான் எதற்கு என்று நினைத்தான்.

ஆலைப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். சோப்பு கலக்கும் தொட்டி ஒரு அறை அளவு இருக்கும். உள்ளே சுழலும் இரும்புத் துடுப்புகள். சுத்தம் செய்ய இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைப்பான். அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு இறங்குவான். நாலு பேர் இறங்கினால் நாலு பூட்டு. போட்டவன்தான் கழற்ற வேண்டும். அவனை வெளியே கண்ணால் பார்க்காமல் வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. பூட்டு வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை, போடுவது நம் கடமை. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. மனுஷன்தான் தெளிவில்லை.

ஆலைக்குள் எலுமிச்சை வாசனை... அதற்கு அடியில் காய்ந்த கொழுப்பின் வாடை. எதுவும் ஓடவில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டொக்... டொக்... தொட்டியைச் சுத்தம் செய்த நாலு பேரும் தங்கள் பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சுவிட்சில் இன்னும் ஒன்று தொங்கியது. சிவப்புப் பூட்டு.

"யாரோடது?" என்று கேட்டான் மச்சினன்.

நாலு பேரும் தங்கள் கையிலிருந்த பூட்டைத் தூக்கிக் காட்டினார்கள்.

"எவனோ வேணும்னே வெளையாடுறான்," என்றார் சூப்பர்வைசர். "குழாய்ல சோப்பு உறைஞ்சிட்டிருக்கு. வெட்டு."

"நீங்களே வெட்டியிருக்கலாமே, சார்."

அவர் கட்டரை அவன் கையில் திணித்தார். மச்சினனுக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால், வெட்டியது கான்ட்ராக்ட் ஆள். தலையைக் கொடுக்க ஒரு இளிச்சவாயன் வேண்டும்.

நாலு பேரில் ஒருவனை மொட்டை என்று கூப்பிடுவார்கள். அவன் அருகில் வந்து முணுமுணுத்தான்.

"போன வருஷமும் இதே தொட்டிதான். உள்ள ஒருத்தன் இருந்தான். அவன் வெளிய போயிட்டான்னு நெனச்சு சார் பூட்டை வெட்டி மெஷினைப் போட்டுட்டாரு. அவர் பாத்தது வேற எவனோட முதுகோ. அப்புறம் என்ன... செத்தவன் பூட்டே போடலன்னு சொல்லிட்டாங்க. வெட்டின பூட்டு யார் கண்ணுலயும் படல."

மச்சினன் கட்டரைக் கீழே வைத்தான்.

"உள்ள பாக்காம வெட்ட மாட்டேன், சார்."

சிவப்புப் பூட்டுக்குப் பக்கத்தில், நீல டேப் சுற்றிய தன் பூட்டைப் போட்டான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் தொட்டிக்குள் இறங்கினான். சூப்பர்வைசர் மற்ற நாலு பேரையும் குழாயைச் சூடுபடுத்த விரட்டினார். சுவிட்சுக்குப் பக்கத்தில் அவர் மட்டும்.

உள்ளே யாரும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் ஈரச் சுவர், துடுப்புகள், அவ்வளவுதான். திரும்பினான்... பின்னால் ஈரக் கால் வழுக்கும் சத்தம். சர்ரக். ஏணி முனகியது. யாரோ ஏறுகிற மாதிரி. டார்ச்சை அடித்தான். ஏணி காலியாக இருந்தது. படிகளில் மட்டும் புது நுரை.

அப்போது வெளியே, டக். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். இரும்பு வெட்டுப்படும் சத்தம். இன்னொரு டக். ஏணியைப் பார்த்துப் பாய்ந்தான். சுவிட்சின் கைப்பிடியை ஏற்றுகிறார்கள். கடக்... பாதியில் நின்றது. மறுபடி கடக்... மறுபடியும் நின்றது. மனைவியின் முகம்தான் கண் முன்னால் வந்ததாம்.

எப்படி ஏறி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. சூப்பர்வைசர் கட்டரோடு நின்றிருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீ... வெளிய போனியே. ஏணில ஏறி வந்து, கதவைத் தாண்டிப் போனதைப் பாத்தேனே."

"முகத்தைப் பாத்தீங்களா?"

அவர் கட்டரைக் கீழே போட்டார். "முதுகைத்தான்."

தரையில் நீல டேப் சுற்றிய பூட்டு வெட்டுப்பட்டுக் கிடந்தது. சுவிட்சில் சிவப்புப் பூட்டு முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டையும் வெட்டினேன்... ரெண்டும் விழுந்துச்சு," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். "அடுத்த மாசம் உன் வேலை என் கையெழுத்துல இருக்கு. ஞாபகம் வச்சுக்க."

மச்சினன் வெளியே வந்தான். பைக் சாவிக்காகப் பையில் கை விட்டான். விரலில் ஏதோ வழுக்கியது. தன் பூட்டுச் சாவிக்குப் பக்கத்தில் இன்னொரு சாவி. அது ஈரமாக இருந்தது, எலுமிச்சை வாசனை அடித்தது.

விடியும்வரை யோசித்தான். வேலையா, செத்தவனா? காலையில் நேராகத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் போய் நின்றான். மொட்டையும் சாட்சிக்கு வந்தான். ஆய்வாளர் ஆலைக்கு வந்து அந்தச் சாவியைச் சிவப்புப் பூட்டில் போட்டுப் பார்த்தார். திறந்தது. பூட்டின் அடியில் சின்னதாகக் கீறிய பெயர் இருந்தது. பூட்டே போடவில்லை என்றார்களே, அவனுடைய பெயர்.

பூட்டையும் சாவியையும் கவரில் போட்டு, அரக்கு வைத்து ஆய்வாளர் எடுத்துப் போனார். சூப்பர்வைசர் மேல் வழக்கு. மச்சினனுக்கு அந்த வேலை போயிற்று. இப்போது வேறு ஊரில், மரம் அறுக்கும் ஆலையில் இருக்கிறான். அங்கே சோப்பு கிடையாது, தொட்டி கிடையாது. ஆனால் இயந்திரத்தில் பூட்டைப் போட்டுவிட்டு அவன் பையைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம்...

சாவி இரண்டு இருக்கிறதாம். ஒன்று ஈரம்.